அறுபத்து நான்கு பூஜ்யங்கள்

“என் மாட்யூல்களில் ஒரு குறையும் இல்லை, மேடம். பலகைதான் கோணல்” என்றார் தாயுமானவன்.

முப்பது வருஷம் சுழலும் ரேடாரோடு வாழ்ந்தவர். அதன் கிண்ணம் திரும்பினால்தான் பார்வை திரும்பும் என்று அறிந்தவர். இப்போது அசையாத பலகை ரேடாரைக் கற்க, தன்னைவிட இருபது வயது இளையவரான ஜெசிந்தாவிடம் வந்திருந்தார்.

பலகையில் இருநூற்று ஐம்பத்தாறு மாட்யூல்கள். ஒவ்வொன்றும் அலையை அனுப்பும். திரும்பி வரும் எதிரொலியைக் கேட்கும். எல்லாம் சேர்ந்தால் ஒரே கண்.

அவற்றில் அறுபத்து நான்கு, தாயுமானவன் கையால் செய்தவை.

புயல் பருவத்துக்கு இன்னும் பத்தே நாள். திரையிலோ, கடல் மேல் பெய்யும் மழை வெறும் புகையாகத் தெரிந்தது. இப்படியே போனால் அவருடைய அறுபத்து நான்கையும் கழற்றிவிடுவார்கள். அவரையும்தான்.

ஜெசிந்தா ஒரு மாட்யூலின் பதிவைக் கணினியில் திறந்தார்.

“இதன் அலை எவ்வளவு பிந்துகிறது, சார்?”

“இருபத்து மூன்று டிகிரி. ஐயையோ! எந்தப் புண்ணியவான் செய்தது?”

“நான்தான்.”

தாயுமானவன் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அடுத்தது பதினொன்று. அதற்கடுத்தது நாற்பது.

“இதையெல்லாம் ஏன் தூக்கி எறியவில்லை?”

“எவ்வளவு பிந்துவேன் என்று அது சொல்லிவிட்டதே, சார். அந்த அளவுக்கு முன்னாலேயே கிளம்பச் சொல்லிவிடும் கணினி.”

பிறகு தாயுமானவனுடையதைத் திறந்தார் ஜெசிந்தா.

பூஜ்யம். அடுத்ததும் பூஜ்யம். அறுபத்து நான்கும் பூஜ்யம்.

ஜெசிந்தா திரையை விட்டு அவர் பக்கம் திரும்பினார்.

“பழைய இடத்தில் குறையை எழுதினால் திட்டுவார்கள், மேடம்” என்றார் தாயுமானவன், தரையைப் பார்த்தபடி.

ஜெசிந்தா அளவுக் கருவியை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார்.

மூன்று நாள் உட்கார்ந்து அளந்தார் தாயுமானவன். ஒவ்வொன்றாக எழுதினார்.

நான்காம் நாள் காலை, திரையில் புகை விலகியது.

எண்பது கிலோமீட்டருக்கு அப்பால், கடல் மேல், மேகங்கள் தனித்தனியே நின்றன. ரேடாரின் பார்வை வடக்கே போனது. தெற்கே வந்தது. மேகத்தின் உச்சிவரை ஏறி இறங்கியது.

பலகை ஒரு நூல்கூட அசையவில்லை.

தாயுமானவனுக்கு உடம்பு சிலிர்த்தது. கைகள் தாமாகக் குவிந்தன.

“போதும் சார். வீட்டுக்குப் போய்த் தூங்குங்கள்” என்று சிரித்தார் ஜெசிந்தா.

வாசல்வரை போனவர் நின்றார். திரையை இன்னொரு முறை பார்த்தார்.

“மேடம், அந்த ஐம்பத்தேழாவது மாட்யூல். நாற்பத்தொன்று என்று எழுதினேன்.”

“அதற்கென்ன?”

“அளந்தது அறுபத்தொன்று.”