மலையின் மறுபக்கம்

சீன தேசத்தில் ஓவியர் குவோவின் வீட்டில் மைக்கட்டியைக் கல்லில் உரைத்துக் கொடுப்பவள் ரோலான். பதினோரு வயதில் வேலைக்கு வந்தவள். இருபது வருஷமாக அந்த வாசலைத் தாண்டவில்லை. ஏக்கம் தாங்காத நாட்களில் தன் ஊர் மலையை வரைவாள். குவோ அதில் தன் முத்திரையைக் குத்தி, தான் வரைந்ததென்று ஊருக்குக் காட்டுவார்.

ஒருநாள் ஆளுநர் வந்து அந்த மலையைப் பார்த்துச் சொக்கிப்போனார். "இதன் மறுபக்கத்தையும் வரையும். இப்போதே, என் கண்முன்னால்!"

குவோவுக்கு வியர்த்துவிட்டது. "பிரபு, இது கற்பனை மலை. இதற்கு மறுபக்கமே கிடையாது."

"இருக்கு எஜமான்," என்றாள் ரோலான், கல்லைவிட்டுத் தலை நிமிராமல். "அந்தப் பக்கம் ஒரு படகுத்துறை இருக்கு."

"வாசப்படி தாண்டாத பொம்பளைக்கு மலையைப் பத்தி என்னடி தெரியும்?"

"வாஸ்தவந்தான் எஜமான். தாண்ட விட்டிருந்தா நான் எதுக்கு வரையப் போறேன்? போயே பாத்திருப்பேனே."

ஆளுநர் தூரிகையை அவளிடம் நீட்டினார். படகுத்துறை, மூங்கில் தோப்பு, அதற்குள் ஒரு கூரை என்று மலையின் மறுபக்கம் தாளில் மளமளவென்று எழுந்தது. பழைய ஓவியத்தில் குவோவின் கையாலேயே அவள் பெயரை எழுத வைத்தார் ஆளுநர்.

"உனக்கு என்னம்மா வேண்டும்?"

"ஒரு படகு, பிரபு."

படகில் கிளம்பிய ஆறாம் நாள் காலையில் பனி விலகி மலை தெரிந்தது. மூட்டையில் தாளும் தூரிகையும் இருந்தன. ரோலான் அவற்றை எடுக்கவேயில்லை. படகின் முனையில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.