பன்னிரண்டு சாண் கரை

காட்டோரக் குட்டையில் நான்கு விரல் ஆழத்துக்குத்தான் தண்ணீர் இருந்தது. அதில் ஒரு தாய் விரால் தன் குஞ்சுகளைச் சுற்றிச் சுற்றி வந்தது. தண்ணீர் வற்றினால் விரால் சேற்றில் புதைந்துகொண்டு மழைவரை கிடக்கும். குஞ்சுகளால் அது முடியாது.

கரைக்கு அந்தப் பக்கம் வாய்க்கால் ஓடியது. கரைமேல் ஒரு கொக்கு நின்றது. அதற்கு எந்த அவசரமும் இல்லை.

விரால் நண்டுகளைக் கூப்பிட்டது. "கரையைத் துளைத்து வாய்க்கால் தண்ணீரை உள்ளே விட முடியுமா?"

"முடியும்" என்றது செம்பி. அங்கே இருந்த நான்கு நண்டுகளில் அதுதான் மூத்தது. "கரை பன்னிரண்டு சாண். ஒரு நண்டு ஒரு நாளில் ஒரு சாண் தோண்டும்."

"தண்ணீர் ஒரு நாளுக்கு ஒரு விரல் இறங்குகிறது. நமக்கு இருப்பது நான்கு நாள்" என்றது விரால். "பன்னிரண்டு சாணை நான்கு நாளில் முடிக்க ஒரு நாளைக்கு மூன்று சாண் தோண்ட வேண்டும். அப்படியென்றால் மூன்று நண்டுகள் போதும்."

கணக்கு சரியாகத்தான் இருந்தது. மூன்று நண்டுகள் இறங்கின.

மாலையில் செம்பி வளையை அளந்து பார்த்தது. ஒரு சாண்.

கொக்கு எட்டிப் பார்த்தது. "மூணு பேரு சேர்ந்து கிழிச்சது இவ்வளவுதானா?"

"இவன் என் முதுகில் ஏறி நிற்கிறான்" என்றது ஒரு நண்டு.

"நீ தள்ளுகிற மண் எல்லாம் என் கண்ணில்தான் விழுகிறது" என்றது இன்னொன்று.

மூன்று விரல் தண்ணீரில் குஞ்சுகள் இன்னும் நெருக்கமாகத் திரண்டிருந்தன.

செம்பி வளைக்குள் தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தது. "விரால் அக்கா, தப்பு எங்கே என்று தெரிந்துவிட்டது. வளைக்குள் மண்ணைத் தோண்டும் முனையில் ஒருவர்தான் நிற்க முடியும். மற்ற இரண்டு பேரும் இடைஞ்சல்."

"பக்கத்திலேயே வேறு வளை போட்டால்?"

"மூன்று அரைகுறை வளைகளில் தண்ணீர் வராது. ஒன்றாவது முழுசாக வேண்டும்." செம்பி வளை வாயில் குவிந்திருந்த மண்ணைக் கொடுக்கால் தட்டிக் காட்டியது. "தோண்டுகிற நண்டுக்குப் பாதி நேரம் மண் சுமப்பதிலேயே போகிறது. சுமக்க இன்னொரு நண்டு இருந்தால் ஒரு நாளில் இரண்டு சாண் தோண்டலாம். இந்தப் பக்கம் இரண்டு பேர். வாய்க்கால் பக்கம் இரண்டு பேர். நாளுக்கு நான்கு சாண். மூன்று நாளில் பன்னிரண்டு. நமக்கு இனித் தேவை பதினொன்றுதான்."

"வாய்க்கால் பக்கம் யார் போவது? கரைமேல் கொக்கு நிற்கிறதே."

"நான் போகிறேன். வரியனும் வரட்டும்."

வரியன், முதல் நாள் இறங்காத நான்காவது நண்டு. அது முன்னால் வந்து நின்றது.

விடியலில் இரண்டும் கரை ஏறின. வரியன் புல்லுக்குள் ஓடியது. செம்பி ஓடுவதற்குள் கொக்கின் அலகு அதன் பெரிய கொடுக்கைப் பிடித்துவிட்டது. செம்பி கொடுக்கை அலகிலேயே கழற்றி விட்டுவிட்டு வாய்க்காலில் விழுந்தது.

"வலிக்குதா அக்கா?" என்றது வரியன்.

"வேலை கிடக்கு. ஒரு கொடுக்கால் நான் பாதிதான் தோண்டுவேன். அப்படிச் செய்தால் நாள் பத்தாது. அதனால் நீ தோண்டு, நான் சுமக்கிறேன். மண் சுமக்கக் கால்கள் போதும்."

வரியன் தோண்டியது. செம்பி ஈர மண்ணைக் கால்களில் அணைத்து வெளியே கொண்டுவந்து கொட்டியது. திரும்பிப் போனது. மறுபடியும் அணைத்தது. குட்டைப் பக்கமும் அதே வேலைதான். யாரும் யார் முதுகிலும் ஏறவில்லை.

நான்காம் நாள் மாலை விராலின் முதுகு வெயிலில் தெரிந்தது. குஞ்சுகள் அதன் வயிற்றடியில், கடைசி ஈரத்தில் துடித்துக்கொண்டிருந்தன. கொக்கு கரையிலிருந்து இறங்கி நடந்து வந்தது.

"இனி என்ன கணக்கு?" என்று கேட்டது.

விரால் குஞ்சுகளுக்கும் கொக்குக்கும் நடுவே புரண்டு படுத்தது. "இன்னும் இருட்டவில்லை" என்றது.

வளைக்குள் வரியன் தோண்டுவதை நிறுத்திக் காதுகொடுத்தது. எதிரே மண்ணைப் பிறாண்டும் சத்தம் கேட்டது. "அக்கா, அவங்க வந்துட்டாங்க!"

"நிறுத்தாதே" என்றது செம்பி.

கடைசி மண் உடைந்தது. குட்டைப் பக்கம் தோண்டிய நண்டுகள் உருண்டு வெளியே விழுந்தன. அவற்றுக்குப் பின்னால் வாய்க்கால் வந்தது. தண்ணீர் கொக்கின் நகத்தை நனைத்தது, பிறகு காலை, பிறகு முட்டியை. கொக்கு இறக்கையை விரித்தது.

குஞ்சுகள் விராலின் வயிற்றடியிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரிந்து நீந்தின.

ஆட்களைக் கூட்டினால் வேலை குறையும் என்ற கணக்கு, ஒவ்வொருவருக்கும் நின்று வேலை செய்ய இடம் இருந்தால்தான் பலிக்கும்.