பன்றியார் பார்வையிட்டார்

அல்லிக்குளத்தில் தண்ணீர் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வந்தது. மலை ஓடையிலிருந்து குளத்துக்கு வரும் வாய்க்காலில், இரண்டு பெரிய பாறைகளுக்கு நடுவே சேறும் ஒடிந்த கிளைகளும் சேர்ந்து அடைத்துக்கொண்டிருந்தன. ஓடைத் தண்ணீர் அந்தப் பக்கமே தேங்கி நின்றது.

அந்த அடைப்பைத் தோண்டி எடுக்கும் வலு காட்டுப்பன்றிக்குத்தான் உண்டு. “என்னை ஜெயிக்க வையுங்க. இந்தக் கோரைப்பல்லாலேயே வாய்க்காலைத் திறந்து விடுறேன்” என்று அது வாக்குக் கேட்டது. குளத்து உறுப்பினர் தேர்தலில் எல்லா விலங்குகளும் அதற்கே வாக்களித்தன.

ஜெயித்த அன்றே அது பன்றியார் ஆகிவிட்டது. மறுநாளிலிருந்து கண்ணிலேயே படவில்லை.

எல்லோரையும்விட அதிகமாகக் கவலைப்பட்டது சொக்கி என்ற தவளை. அதன் பிள்ளைகள் இன்னும் வாலும் தலையுமாக நீந்திக்கொண்டிருந்தன. கால் முளைப்பதற்குள் குளம் வற்றிவிட்டால் சேற்றோடு சேர்ந்து காய்ந்துபோகும்.

விலங்குகள் கரையில் கூடின.

“போன தடவை ஜெயிச்ச கீரியையும் இப்படித்தான் வளை வளையாத் தேடினோம்” என்றது முயல்.

“இந்தத் தடவை தேட வேண்டாம். என்கிட்ட ஒரு கேமரா இருக்கு” என்றது குரங்கு.

புலிகளைக் கணக்கெடுக்க வந்த மனிதர்கள் மரத்தில் கட்டிவிட்டு மறந்துபோன கேமரா அது. முன்னால் எது அசைந்தாலும் தானாகப் படம் எடுக்கும். பின்பக்கத்துச் சின்னத் திரையில் படங்களைப் பார்க்கலாம்.

“இதை வாய்க்கால் ஓரமாக் கட்டிடுவோம். பன்றியார் வேலைக்கு வந்தா படம் இருக்கும். வரலைன்னா இருக்காது. வாராவாரம் எல்லாரும் உட்கார்ந்து பார்ப்போம்.”

எல்லோருக்கும் யோசனை பிடித்திருந்தது. செய்தி கிழங்குக் காட்டுக்குப் போனது. வாயில் மென்றுகொண்டிருந்த கிழங்கைத் துப்பாமலேயே பன்றியார் வாய்க்காலுக்கு ஓடி வந்தார்.

அடுத்த கூட்டத்தில் குரங்கு படத்தைக் காட்டியது. பன்றியார் ஒரு முன்னங்காலைத் தூக்கி அடைப்பைச் சுட்டிக்காட்டிக்கொண்டு நின்றார். பின்னால் அவருடைய அக்காள் மகன்கள் இருவரும் அவர் காட்டிய இடத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

“உறுப்பினர் அடைப்பைப் பார்வையிட்டார்” என்று முயல் உரக்க அறிவித்தது. எல்லோரும் கைதட்டினார்கள்.

அதற்கடுத்த வாரம் பன்றியார் மூக்கில் சேற்றைப் பூசிக்கொண்டு நின்றார். தூக்கியிருந்தது மற்றொரு முன்னங்கால்.

“உறுப்பினர் மீண்டும் பார்வையிட்டார்” என்றது முயல்.

இன்னொரு வாரம் வாயில் ஒரு மரக்கன்றைக் கவ்விக்கொண்டு, முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு நின்றார். அவர் நகரும்போது கேமரா இன்னொரு படமும் எடுத்துவிட்டது. அதில் வாய்க்கு வெளியே கன்றின் வேர் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது.

“நட்டாச்சா ஐயா?” என்று கேட்டது முயல்.

“உள்ளே நட்டிருக்கேன்” என்றார் பன்றியார், வயிற்றைத் தடவிக்கொண்டே.

எல்லோரும் சிரித்தார்கள். சொக்கிக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. குளம் ஒரு குட்டையாகச் சுருங்கியிருந்தது. பிள்ளைகள் ஒன்றன்மேல் ஒன்று இடித்துக்கொண்டு நெளிந்தன.

“குரங்கண்ணே, பன்றியாரை விட்டுடுங்க. அவருக்குப் பின்னால இருக்கிற சேற்றைப் பெரிசாக்கிக் காட்டுங்க.”

குரங்கு காட்டியது. எல்லாப் படத்திலும் அதே சேறு, அதே உயரம். அதே கிளை அதே இடத்தில் நீட்டிக்கொண்டிருந்தது.

பன்றியார் தொண்டையைச் செருமினார். “அடைப்பு எவ்வளவு கெட்டியா இருக்குன்னு இதுலேருந்தே தெரியுதா? ஆய்வு முடியாம வேலையைத் தொடங்க முடியாதும்மா. எத்தனை தடவை பார்வையிட்டிருக்கேன், நீயே பார்த்தியே.”

“என் பிள்ளைங்களும்தான் தினம் பார்வையிடுதுங்க ஐயா. கால் இல்லாததால சுட்டிக்காட்ட முடியலை, அவ்வளவுதான்.”

பன்றியார் முக்கிய வேலை இருப்பதாகச் சொல்லிவிட்டுக் கிழங்குக் காட்டுக்குப் போனார்.

சொக்கி குரங்கிடம் தாவி வந்தது. “நாமதான் தப்புப் பண்ணிட்டோம் அண்ணே. கேமராவை அவர் மூஞ்சிக்கு நேராக் கட்டினோம். மூஞ்சிதான் கிடைக்குது. பாறையைத் தாண்டி, அடைப்புக்கு அந்தப் பக்கம் கட்டுங்க.”

“அங்கே கட்டினா பன்றியார் தெரியவே மாட்டாரே.”

“அடைப்பு இருக்கிற வரைக்கும் தெரிய மாட்டார்.”

குரங்கு ஒரு நிமிடம் தலையைச் சொறிந்தது. பிறகு வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே பாறை ஏறியது. அந்தப் பக்கத்து மரக்கிளையில், அடைப்பைப் பார்த்தபடி கேமராவைக் கட்டியது.

கூட்டத்துக்கு முந்தைய நாள் பன்றியார் வழக்கம்போல வந்தார். காலைத் தூக்கினார்.

“மாமா, கேமராவைக் காணோம்” என்றான் மூத்த மருமகன்.

“அந்தப் பக்கம் இருக்குது ஐயா” என்று மேலிருந்து குரங்கு குரல் கொடுத்தது.

“அங்கே இருந்தா எனக்கு எப்படிப் படம் விழும்?”

“பாறை ஏறி வாங்களேன்.”

பன்றியார் ஏறினார். பாதியில் சறுக்கிக் கீழே வந்தார். மருமகன்கள் பின்னாலிருந்து தள்ளினார்கள். மூவருமாகச் சறுக்கிக் கீழே வந்தார்கள்.

“நாளைக்குப் படமே இல்லைன்னா என்னப்பா சொல்வீங்க?” என்று கேட்டார் பன்றியார்.

“உறுப்பினர் வரவில்லைன்னு சொல்வேன்” என்றது பாறையடியில் புல் தின்றுகொண்டிருந்த முயல்.

பன்றியாருக்கு வியர்த்தது. அடைப்பை மேலும் கீழும் பார்த்தார். இந்த முறைதான் உண்மையாகவே பார்த்தார்.

“மூஞ்சி மட்டும் தெரியுற மாதிரி ஒரு ஓட்டை போட்டாப் போதும்” என்று சொல்லித் தோண்ட ஆரம்பித்தார். சேறு பறந்தது. கிளைகள் ஒடிந்தன. காலடியில் ஈரம் கசிந்ததை அவர் கவனிக்கவில்லை. கடைசியாக மூக்கு அந்தப் பக்கம் நீட்டியது.

“தெரியுதா?”

“மூக்குதான் தெரியுது. யாரு மூக்குன்னு சொல்ல முடியாது” என்றது குரங்கு.

பன்றியார் இன்னும் கொஞ்சம் தோண்டி முகம் முழுவதையும் நுழைத்தார். எதிரே கேமரா இருந்தது. சிரிப்பதா, கவலையோடு இருப்பதா என்று ஒரு கணம் யோசித்தார்.

அதற்குள் அடைப்பு உடைந்தது. தேங்கி நின்ற ஓடை முழுவதும் அவர்மேல் பாய்ந்தது. பன்றியார், மருமகன்கள், சேறு, கிளைகள் எல்லாம் ஒன்றாக உருண்டு குளத்தில் போய் விழுந்தன!

மறுநாள் கூட்டத்தில் குளம் நிரம்பியிருந்தது. சொக்கியின் பிள்ளைகள் ஆழத்தில் வட்டமடித்தன. குரங்கு காட்டிய படத்தில் நுரைத்து ஓடும் தண்ணீரும், வானத்தைப் பார்த்த நான்கு கால்களும் மட்டும் இருந்தன.

“முகமே விழலையே” என்று பன்றியார் வருத்தப்பட்டார்.

“இத்தனை படத்துல இதுலதான் நீங்க நல்லா இருக்கீங்க ஐயா” என்றது சொக்கி. அது கேலி செய்யவில்லை.

பன்றியார் சற்றுத் தயங்கினார். “அடுத்து கேமராவை எங்கே கட்டப் போறீங்க?”

“குளத்தோட கீழ்க்கரையில விரிசல் விட்டிருக்கே, அங்கே” என்றது குரங்கு.

பன்றியார் பெருமூச்சு விட்டார். பக்கத்தில் கிடந்த கல்லில் கோரைப்பல்லைத் தீட்ட ஆரம்பித்தார்.

நாம் தேர்ந்தெடுத்தவரின் முகத்தைப் படம்பிடித்தால் முகம்தான் கிடைக்கும், அவர் செய்ய வேண்டிய வேலையைப் படம்பிடித்தால்தான் வேலை நடக்கும்.