நடைபாதையில் ஏறிய சைக்கிள்

டீ விற்கும் சூசை, கேரியரில் கேனைக் கட்டிக்கொண்டு நடைபாதையில் சைக்கிள் ஓட்டிவந்தார். டிராபிக் இன்ஸ்பெக்டர் கஜேந்திரன் பாய்ந்து மறித்தார்.

"நடக்கிறவங்க பாதையில உனக்கென்னய்யா சைக்கிள்? சிக்னல் வரைக்கும் ரோட்டுலயே ஓட்டிக் காட்டு. ஒரு சொட்டு டீ சிந்துச்சு, வண்டி ஸ்டேஷனுக்குப் போயிடும்!"

"எனக்கு அந்தத் திறமை இல்லீங்க. ஐயா ஒருதரம் ஓட்டிக் காட்டினா கத்துக்குவேன்."

கூட்டம் பார்க்கிறதே! கஜேந்திரன் அபராதப் புத்தகத்தைச் சூசை கையில் திணித்துவிட்டு, சைக்கிளை ரோட்டில் இறக்கி ஏறி மிதித்தார். பத்தடிகூடப் போகவில்லை. முதுகுக்குப் பின்னால் ஒரு பஸ் அலறியது.

அடுத்த நொடி இன்ஸ்பெக்டர் சைக்கிளோடு நடைபாதையில் நின்றார். எதிரே நடந்து வந்த அம்மாள் "ஐயோ!" என்று சுவரோடு ஒட்டிக்கொண்டாள். இன்ஸ்பெக்டரின் தொப்பியைக் காணோம். முகத்தில் ஈயாடவில்லை. பேண்ட் முழுக்க டீ.

சூசை புத்தகத்தைப் பிரித்தார்.

"ஐயா, உங்க முழுப் பேரைச் சொல்லுங்க."