செண்பகத்துக்கு வயித்துவலி

கிட்ட வந்து உக்காருங்க. அம்புட்டு தூரத்துல இருந்தா நான் கத்தணும். இது கத்திச் சொல்லுற கதை இல்ல.

ஊத்துமடம்னு ஒரு சின்ன மடம். மலையடிவாரத்துல ஒரு கெணறு, நாலு பாத்தி கீரை, ஒரு ஓட்டுக் கட்டடம். அம்புட்டுத்தான். அங்க ஒரு அம்மா இருந்தா. முப்பத்தஞ்சு வயசு இருக்கும். காவியும் கிடையாது, ஜடாமுடியும் கிடையாது. ஆனா கேள்வியோட போனவங்க வெறுங்கையாத் திரும்பினதில்ல.

அவளுக்கு ஒரு சீடன், மாசானம்னு பேரு. பம்ப்செட் மெக்கானிக்கு. அம்மாவைவிட எட்டு வயசு மூத்தவன்.

"உன் தங்கச்சி வயசுக்காரிகிட்டப் போயி என்னல பாடம் கேக்க?"ன்னு டீக்கடையில கேலி பேசுவாங்க.

"தண்ணி எந்தக் கெணத்துல ஊறுதோ, அங்கதான மோட்டாரை எறக்கணும்"னு சொல்லிட்டுக் கிளம்பிருவான்.

ஆடி மாசத்துல ஒரு வியாழக்கிழமை. மத்தியான வெயில்ல வந்து நின்னான்.

"அம்மா, எம்மகளுக்கு வயித்துவலி."

அம்மா கீரைப் பாத்தியில களை பறிச்சுக்கிட்டு இருந்தா. நிமிர்ந்து பாத்தா.

"செண்பகத்துக்கா? எத்தன நாளா அண்ணாச்சி?"

"தையில ஆரம்பிச்சது. வருது, போகுது. அதுக்கு நேரம் காலம் கிடையாது. கொப்பூழைச் சுத்திப் பிடிக்குதுன்னு சுருண்டு படுத்துரும். அரை மணி நேரம் பாக்கச் சகிக்காது. பொறவு எந்திரிச்சு நொண்டியடிச்சு வெளையாடும்."

"டாக்டர் என்ன சொல்லுதாரு?"

"மூணு பேர்கிட்டப் போயாச்சு. ரத்தம் பாத்தாச்சு, ஸ்கேன் எடுத்தாச்சு, பூச்சி மருந்தும் குடுத்தாச்சு. பெரிய டாக்டர், ஒண்ணும் இல்லங்காரு. புள்ளை நல்லா வளருது, எடை ஏறுது, காய்ச்சலோ வாந்தியோ வந்தா உடனே கூட்டிட்டு வாங்க, இல்லேன்னா பள்ளிக்கூடத்துக்கு அனுப்புங்கங்காரு."

"அனுப்புனீங்களா?"

"பள்ளிக்கூடம் தொறந்து ரெண்டு மாசம் ஆகுது. நாலு நாள் போயிருக்கும்."

"வேற என்ன செஞ்சு பாத்தீங்க?"

"ஓமத்தண்ணி குடுத்தோம். பெருங்காயம் பத்துப் போட்டோம். கொடல் மேல ஏறிக்கிச்சு, கொடலேத்தம்னு சொல்லி, ரெண்டு காலையும் பிடிச்சுத் தலைகீழாத் தூக்கி உள்ளங்காலுல தட்டுனாங்க. வயித்துல சிக்கினதை ஊதி எடுப்பாங்களே, அந்தத் தொக்கம் எடுக்கவும் கூட்டிட்டுப் போனோம். அந்த ஆளு ஊதி ஊதி, வயித்துக்குள்ள இருந்து ஒரு துண்டு மாந்தோலை எடுத்துக் காட்டினான்."

"அது எந்த மாசம்?"

"மாசி."

"மாசியில மாந்தோலா?"

"ஆமாம்மா."

"கெட்டிக்காரன்தான்."

மாசானத்துக்குச் சிரிப்பு வரல.

"வீட்டுல உங்க சம்சாரம்?"

"முப்பிடாதி பீடி சுத்தப் போறதையே விட்டுட்டா. நாள் பூரா புள்ளை மூஞ்சியையே பாத்துக்கிட்டு இருக்கா. விடிஞ்சதும் 'வலிக்காட்டி?'ன்னு கேக்கா."

"கேட்டா?"

"புள்ளை கொஞ்ச நேரம் யோசிச்சுப் பாத்துட்டு, 'வலிக்கு'ங்குது."

அம்மா ஒரு களையைப் பிடுங்கி ஓரத்துல போட்டா.

"நான் மெக்கானிக்கும்மா. ஒரு மெஷினு முனங்குச்சுன்னா உள்ள பழுது இருக்கும். பழுது இருந்தா அதுக்கு ஒரு பேரு இருக்கும். இதுக்கு மட்டும் பேரே இல்லைங்காங்க. ஒண்ணும் இல்லாததுக்கா புள்ளை அப்படி அழுது?"

"பொய் சொல்லுதுன்னு நெனைக்கீங்களா?"

"சத்தியமா இல்ல. அது மூஞ்சியைப் பாத்தா தெரியும்."

"அப்போ அவசரமா என்கிட்ட வந்தது என்னத்துக்கு?"

மாசானம் துண்டால மூஞ்சியைத் துடைச்சான்.

"நாளைக்கு வெள்ளிக்கிழமை. எங்க அக்கா பிரமாச்சி புள்ளைக்குச் சூடு போடப்போறா."

அந்தப் பக்கத்துல அப்படி ஒரு வழக்கம் உண்டு. எதுக்கும் தீராத வயித்துவலின்னா, விரலி மஞ்சளை வெளக்குல காட்டித் தீப்பிடிக்க வச்சு, கொப்பூழைச் சுத்தி மூணு எடத்துல வைப்பாங்க. ஒருத்தர் காலைப் பிடிப்பாங்க, ஒருத்தர் கையைப் பிடிப்பாங்க. பிரமாச்சி கொடுமைக்காரி இல்ல. தாய் தகப்பன் போனப்பொறம் மாசானத்தை வளத்து ஆளாக்கினவ அவதான். ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏற, செண்பகத்தை இடுப்புல தூக்கிக்கிட்டு ஓடினவளும் அவதான்.

"அவ மகன் உலகுக்கும் சின்னதுல இப்படித்தான் வலி. சூடு போட்டா. அன்னைக்கு அப்புறம் வலின்னு அவன் வாயைத் தொறந்ததில்ல. கண்ணால பாத்தவன் நான். அதான் வேண்டாம்னு சொல்ல முடியல. சரின்னு சொல்லவும் மனசு வரல. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க."

அம்மா கையைக் கழுவிட்டு எந்திரிச்சா.

"பம்புல தண்ணி சொட்டுது அண்ணாச்சி. அதை நிறுத்திக் குடுத்துட்டுப் போங்க."

மாசானம் அப்படியே நின்னான். அவன் கேட்டது என்ன, இவ சொல்லுறது என்ன. ஆனாலும் குரு சொல்லியாச்சே. ஸ்பேனரை எடுத்துக்கிட்டுக் கெணத்தடிக்குப் போனான்.

பம்பு ஓடிக்கிட்டு இருந்துச்சு, பழைய காலத்துப் பம்பு. சுத்துற தண்டு பம்புக்குள்ள நுழையிற எடத்துல, எண்ணெயில ஊறின கயிறைச் சுத்தி, மேல ரெண்டு நட்டுப் போட்டு இறுக்கியிருக்கும். ஓடும்போது அந்த எடத்துல சொட்டுச் சொட்டா தண்ணி விழும்.

"அம்மா, இது விழத்தான் செய்யும்."

"எனக்கு நிக்கணும்."

ஒரு சுத்து இறுக்கினான். சொட்டு கொறைஞ்சது.

"இன்னும் விழுதே."

இன்னொரு சுத்து.

"ஒண்ணு ரெண்டு விழுது பாருங்க."

"போதும்மா."

"அடியோட நிக்கணும் அண்ணாச்சி."

மாசானம் பல்லைக் கடிச்சுக்கிட்டு ஸ்பேனரை ஒரு அழுத்து அழுத்தினான். சொட்டு நின்னுச்சு. அம்மா குனிஞ்சு பாத்தா. சொட்டு விழுந்த எடத்துல கையை நீட்டிப் பாத்தா. ஈரமே இல்ல.

"இப்ப எப்படி இருக்கு பாத்தீங்களா?"ன்னு திருப்தியாச் சொன்னா.

அவ சொல்லி முடிக்கல, கயிறு கருகுற வாடை வந்துச்சு. பொறவு புகை வந்துச்சு. மாசானம் ஓடிப்போயி சுவிட்சை அணைச்சான். வந்த கோவத்துல குருன்னும் பாக்கல.

"நான்தான் படிச்சுப் படிச்சுச் சொன்னேன்லா! ரெண்டு சொட்டு விழணும்மா. அந்தத் தண்ணிதான் அதைக் குளுமையா வச்சிருக்கு. அந்தச் சொட்டைப் பாத்துத்தான் உள்ள என்ன நடக்குன்னு எங்களுக்கே தெரியும். வெளிய தெரியாம அடைச்சுப்போட்டா உள்ளுக்குள்ள எரியாம என்ன..."

பாதியில நிறுத்திட்டான்.

ஸ்பேனர் கையில இருந்துச்சு. அதையே பாத்துக்கிட்டு ரொம்ப நேரம் நின்னான்.

 அம்மா பாத்திக்குத் தண்ணி பாய்ச்ச வாளியை எடுத்துக் கெணத்துல விட்டா.

சாயங்காலத்துக்குள்ள அவன் புதுக்கயிறு சுத்திக் குடுத்துட்டு, வீட்டுக்குப் போனான்.

மறுநாள் காலைல மடத்து வாசல்ல ஒரே சத்தம். பிரமாச்சி வந்துட்டா. ஒரு கையில செண்பகம், மடியில மஞ்சள். பின்னாலயே மாசானம் ஓடி வாறான், சட்டைப் பொத்தானை ஏறுமாறாப் போட்டுக்கிட்டு.

அம்மா வாசல் வேப்பமரத்தடியில உக்காந்து விதைக்கடலை உரிச்சுக்கிட்டு இருந்தா.

"ஏ தாயி! எந்தம்பிக்கு நீ என்ன மருந்து வச்ச? நாப்பத்து மூணு வருசமா என் பேச்சைத் தட்டாதவன், இன்னைக்கு வெளக்கை ஊதி அணைச்சுட்டு வாசல்ல மறிச்சு நிக்கான்."

"உக்காருங்கக்கா."

"உக்கார வரல. புள்ளை துடிக்குறதை நீ பாத்திருக்கியா? நீ பெத்தவளா, வளத்தவளா?"

"ரெண்டும் இல்லக்கா."

"அப்போ சூடு வேண்டாம்னு சொல்ல உனக்கு என்ன தெரியும்?"

"அக்கா, மெதுவா..."ன்னான் மாசானம்.

"நீ சும்மா கெடல, சவத்த மூதி. பொத்தானை ஒழுங்காப் போடத் தெரியல, இவன் ஞாயம் பேச வந்துட்டான்."

அம்மா முறத்தைக் கீழ வச்சா. எந்திரிச்சு பிரமாச்சி பக்கத்துல போனா. மாசானத்துக்கு முதுகைக் காட்டி நின்னுக்கிட்டு, சேலையைக் கொஞ்சம் வெலக்கினா. பிரமாச்சி கண்ணுக்கு மட்டும் தெரியுற மாதிரி.

கொப்பூழைச் சுத்தி மூணு தழும்பு. புளியங்கொட்டை அளவு. வெளிறிப்போயி, மினுங்கிக்கிட்டு.

பிரமாச்சி சத்தம் எறங்கிப்போச்சு.

"யாரு போட்டது?"

"எங்க அம்மா. என்மேல உசிரா இருந்தவ."

"எத்தன வயசுல?"

"ஏழு."

"வலி நின்னுச்சுல்லா?"

"எல்லாரும் அப்படித்தான் சொன்னாங்க."

"நீ சொல்லு."

"வலி வந்துக்கிட்டுத்தான் இருந்துச்சுக்கா. பன்னெண்டு வயசு வரைக்கும் வந்துச்சு. பொறவு அதுவாப் போச்சு. சொல்லுறதைத்தான் நான் அன்னைக்கே நிறுத்திட்டேன். மாட்டுத் தொழுவுல போயிக் குனிஞ்சு உக்காந்துக்குவேன். எங்க அம்மா சாகுற வரைக்கும், எனக்குக் கொணமாயிருச்சுன்னு ஊரெல்லாம் சொல்லிச் சந்தோசப்பட்டா."

மரத்துமேல ஒரு அணில் கத்திக்கிட்டு இருந்துச்சு. 

பிரமாச்சி உக்காந்துட்டா. யாரும் உக்காரச் சொல்லல.

"எம்மவன் உலகு..."ன்னா.  "சின்னதுல, வாசல் நிலையைப் பிடிச்சுக்கிட்டுக் குனிஞ்சு குனிஞ்சு நிப்பான். 'என்னல?'ன்னு கேட்டா, 'ஒண்ணுமில்லம்மா'ம்பான்."

பிரமாச்சி தரையைப் பாத்தா.

"செருப்பைத் தேடுதான்னு நெனச்சேன்."

மாசானம் அக்கா பக்கத்துல போயி உக்காந்தான். அவ தோளைத் தொடப் போனவன், தொடாம கையை எடுத்துக்கிட்டான். அப்படித் தொட்டு அவனுக்குப் பழக்கம் இல்ல.

செண்பகம் மட்டும் நின்னுக்கிட்டு இருந்துச்சு. மூணு பேரையும் மாறி மாறிப் பாத்துச்சு. அத்தை மடியைப் பாத்துச்சு. ஒரு எட்டுப் பின்னால போச்சு. வயித்துல கையை வச்சுச்சு.

"வலிக்கு"ன்னுச்சு.

சொல்லிட்டு, யாராவது எந்திரிக்காங்களான்னு பாத்துச்சு.

பிரமாச்சி கை மடிப்பக்கம் போகல. முந்தானையை எடுத்து வாயில பொத்திக்கிட்டா. மாசானம் எந்திரிக்கப் போனான். அம்மா அவனை ஒரு பார்வை பாத்தா. உக்காந்துட்டான்.

"எங்க வலிக்கு?"ன்னு அம்மா கேட்டா.

"இங்க."

"ம். அந்த எடம்தான். பிசையுற மாதிரியா, குத்துற மாதிரியா?"

"பிசையுற மாதிரி."

"அது பொல்லாதது. வா, இங்க உக்காரு."

செண்பகம் வந்து உக்காந்துச்சு. முட்டியைக் கட்டிக்கிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே இருந்துச்சு.

"நின்னுருமா?"

"தெரியாது."

"நாளைக்கு?"

"தெரியாதும்மா. எனக்கு நிக்க அஞ்சு வருசம் ஆச்சு. உனக்குச் சீக்கிரம் நிக்கலாம்."

"பள்ளிக்கூடத்துல வலிச்சா?"

"டீச்சர்கிட்டச் சொல்லு. அங்கயும் ஒரு ஓரமா உக்காந்துக்கோ. கொறைஞ்சதும் எந்திரிச்சு எழுது."

"டீச்சர் பொய்யுன்னு சொன்னா?"

"நான் வந்து அவங்ககிட்டப் பேசுதேன்."

அதை நெசமான்னு பாக்குற மாதிரி, அம்மா மூஞ்சியைப் புள்ளை உத்துப் பாத்துச்சு.

"ஒவ்வொரு தடவையும் சொல்லலாமா?"

"ஒவ்வொரு தடவையும் சொல்லு."

"ராத்திரி சொன்னாக்கூட யாரும் சூடு வைக்க மாட்டாங்களா?"

அம்மா திரும்பிப் பிரமாச்சியைப் பாத்தா.

பிரமாச்சி முந்தானையை வாயிலருந்து எடுத்தா. "மாட்டேன்"ன்னா. சத்தம் பத்தலைன்னு அவளுக்கே தோணிருக்கும். "மாட்டேன்டி எங்கண்ணு"ன்னு இன்னொரு தடவை சொன்னா.

செண்பகம் ரெண்டு முட்டிக்கும் நடுவுல தலையைக் கவுத்துக்கிட்டுச்சு.

"இப்பவும் வலிக்கு"ன்னு உள்ள இருந்து சொல்லுச்சு.

"சரி"ன்னா அம்மா.

கடலை முறத்தை எடுத்து, தனக்கும் அதுக்கும் நடுவுல தள்ளி வச்சா.