தாங்கிய ஷாஃப்ட்

எஞ்சினின் சுழற்சியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் ஷாஃப்டைச் சோதிக்கும் கூடம் அது. அங்கே அதை இப்படியும் அப்படியும் முறுக்கிக்கொண்டே இருப்பார்கள். தலைவி எஸ்தர். அவரிடம் வேலை கற்க வந்த குணாளன் வயதில் மூத்தவர், கோபத்திலும் மூத்தவர். ஆட்களுக்கு ஷிஃப்ட் போடும் பொறுப்பை எஸ்தர் அவரிடம் விட்டிருந்தார்.

அன்று ஒரு ஷாஃப்ட் முழுச் சோதனையையும் உடையாமல் தாங்கியது. வெளியே ஒரு கீறல்கூட இல்லை.

"சிவப்பு பெயின்ட் அடிச்சு, கழிவுத் தொட்டியில போடுங்க" என்றார் எஸ்தர். சிவப்பு அடித்தால் அது இனி எந்த வண்டிக்கும் போகாது.

குணாளனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"என்னங்க மேடம் அநியாயம் இது! ஜெயிச்சதைக் குப்பையில போடறீங்க, சோதிக்காததை வண்டிக்கு அனுப்பறீங்க. வாசல்ல ஒரு பஸ் ஷாஃப்ட் இல்லாம நிக்குது. இதையே மாட்டி விடலாமில்லீங்களா?"

"கூடாது."

"இவ்வளவு தாங்கினது இன்னும் தாங்காதுங்களா?"

"இவ்வளவு தாங்கினதாலதான் கூடாது. மிச்சம் எவ்வளவுன்னு வெளியில பார்த்தா தெரியாது. ஆளுங்களை ஏத்திக்கிட்டு மலை ஏறும்போதா தெரிஞ்சுக்கப் போறீங்க?"

முணுமுணுத்தபடியே குணாளன் பெயின்ட் டப்பாவையும் பிரஷ்ஷையும் எடுத்தார்.

இயந்திரத்தருகே ஸ்பானர் விழுந்தது. அடுத்த ஷாஃப்டை மாட்டிக்கொண்டிருந்த வேலப்பன் குனிந்து எடுத்தார். மறுபடியும் நழுவியது. விரல்களை உதறிக்கொண்டார். முடியாது என்று சொல்லத் தெரியாத மனிதர். அப்படிப்பட்டவர்களைத்தான் எல்லோரும் சரியாகக் கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

"காலை ஷிஃப்ட் முடிஞ்சிருச்சே. வேலப்பன் ஏன் இன்னும் போகல?" என்று குணாளனைக் கேட்டார் எஸ்தர்.

"டபுள் ஷிஃப்டுங்க. நான்தான் போட்டேன்."

"நேத்து?"

"நேத்தும் அவர்தான். இந்த வாரம் முழுக்க அவர்தானுங்க."

"லீவு கேட்கலையா?"

"கேட்டாரு. கை மரத்துப்போகுதுன்னாரு. மத்தவங்க ஒரே நாள்ல படுத்துக்கறாங்க மேடம். இவரு அசரவே இல்லையே. இன்னும் தாங்குவாரு."

எஸ்தர் போய் வேலப்பன் கையிலிருந்து ஸ்பானரை வாங்கிக்கொண்டார். "வீட்டுக்குப் போங்கண்ணா. நாளைக்கும் வர வேண்டாம், சம்பளத்தோட லீவு."

வேலப்பன் நம்பாமல் குணாளனைப் பார்த்தார்.

"மேடம், அப்போ நான் இப்ப என்ன செய்யறது?" என்றார் குணாளன், குரல் இறங்கி.

எஸ்தர் முகம் சிவந்திருந்தது.

"கையில பெயின்ட் இருக்குல்ல? அவரு கிளம்பறதுக்குள்ள அவருக்கும் அடிச்சிட்டு வாங்க."