வெள்ளித் தொட்டியில் மூழ்கிய செண்பகம்

நன்றாக உட்கார்ந்து கேளுங்கள். கேட்டு முடித்துவிட்டுக் கோபப்படுங்கள். ஆறுகளுக்கே இன்னும் பெயர் வைக்காத காலத்தில், மாந்துறை என்ற நாட்டை விசயதரன் என்ற அரசன் ஆண்டான்.

அவனுக்கு ஒரு மகள் பிறந்தாள். அன்றைக்கே ஒரு செண்பகக் கன்றை வெள்ளித் தொட்டியில் நட்டு அரசவை நடுவே வைத்தார்கள். தொட்டியின் அடியில் ஓட்டை கிடையாது. அரசன் வீட்டுப் பாத்திரத்தில் ஓட்டை இருந்தால் அபசகுனமாம்.

அவைக்கு வருகிற ஒவ்வொருவரும் கன்றுக்கு ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றிவிட்டுத்தான் உட்கார வேண்டும். இளவரசிமேல் அவ்வளவு பாசம். அரசன் வேறு பக்கம் பார்த்தால், தொண்டையைச் செருமி அவனைத் திரும்ப வைத்துவிட்டு ஊற்றினார்கள்.

தோட்டக்காரி சிலம்பாயி மட்டும் ஊற்றவில்லை. "போதும் சாமி, கன்று எவ்வளவுதான் குடிக்கும்" என்று கெஞ்சினாள். "ஏன், உனக்கு இளவரசிமேல் பாசம் இல்லையோ?" என்று கேட்டார்கள்.

இரண்டே மாதத்தில் இலை மஞ்சளானது. நுனி கருகியது. தலை தொங்கியது.

வைத்தியர் வந்தார். இலைக்காம்பைப் பிடித்து நாடி பார்த்தார். "உஷ்ணம், மன்னா, உஷ்ணம். இரண்டு செம்பாக ஊற்றச் சொல்லுங்கள்."

சோதிடர் வந்தார். கண்ணை மூடினார். "ம்ம்ம்... சனி பார்க்கிறார். முறைத்தே பார்க்கிறார். பன்னீரால் குளிப்பாட்டுங்கள்."

தளபதி வந்தார். கன்றைப் பார்க்கவே இல்லை. "இத்தனை பேர் ஊற்றுகிறோம், ஊற்றாதவள் ஒருத்தி. குற்றவாளி யாரென்று இன்னுமா தெரியவில்லை?"

அரசன் சிலம்பாயியை அழைத்துச் சொன்னான்: "அடுத்த பௌர்ணமிக்குள் கன்று துளிர்க்க வேண்டும். இல்லையென்றால் நீயும் உன் மூன்று பிள்ளைகளும் நாட்டைவிட்டு வெளியே."

கன்றை வாட வைத்தது யார், தண்டனை யாருக்கு, பார்த்தீர்களா?

சிலம்பாயி அழவில்லை. "சரி அரசே. அதற்கு முன்னால் உங்கள் விரலை அந்த மண்ணுக்குள் விடுங்கள்" என்றாள்.

"மன்னர் விரலா? சேற்றிலா?" என்று அவையே பதறியது. அரசன் விரலை விட்டான். குழகுழவென்று உள்ளே போனது. எடுத்து முகர்ந்தான். சாக்கடை நாற்றம்.

"தாகத்தில் மட்டும்தான் இலை வாடும் என்று யார் சொன்னது? வேர் அழுகினாலும் இப்படித்தான் வாடும். நாடி பார்த்தார்கள், கட்டம் பார்த்தார்கள். மண்ணைத் தொட ஒருவருக்கும் மனம் வரவில்லை" என்றாள் சிலம்பாயி.

கன்றை எடுத்தாள். கறுத்த வேர்களை நறுக்கினாள். வெளுத்த நல்ல வேர்களை விட்டுவைத்தாள். அடியில் ஓட்டையுள்ள மண்தொட்டியில் ஆற்றுமணலும் மக்கிய இலையும் கலந்து நட்டாள். பாதி இலைகளைக் கிள்ளி, தோட்டத்து நிழலில் வைத்தாள். விரல் விட்டுப் பார்த்து, மண் காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர் காட்டினாள்.

செம்புகள் அங்கேயும் வந்தன. முதல் நாள் கும்பிட்டுத் திருப்பி அனுப்பினாள். இரண்டாம் நாள் திட்டி அனுப்பினாள். மூன்றாம் நாள் விளக்குமாற்றை எடுத்தாள். அதற்குப் பிறகு ஒரு செம்பும் வரவில்லை.

பௌர்ணமியன்று கன்றை அவைக்குக் கொண்டுவந்தாள். உச்சியில் இரண்டு புதுத் தளிர்.

"உஷ்ணம் தணிந்துவிட்டது" என்றார் வைத்தியர். "சனி விலகிவிட்டார்" என்றார் சோதிடர். "நான் மிரட்டிய மிரட்டல் அப்படி" என்றார் தளபதி.

அரசன் முத்துமாலையைக் கழற்றி அவளிடம் நீட்டினான். அவள் கை நீட்டவில்லை.

"மாலை வேண்டாம் அரசே. ஒரு மாதமாக என் பிள்ளைகளைத் தெருவில் துரோகி பெற்றவர்கள் என்கிறார்கள். அந்தப் பேச்சை யார் அள்ளுவது?"

அரசன் தலை குனிந்தான். பிறகு எழுந்து நின்று சொன்னான்: "யார் ஊற்றுகிறார்கள், யார் ஊற்றவில்லை என்று பார்த்துக்கொண்டிருந்தேன், கன்றைப் பார்க்கவில்லை. குற்றம் என்னுடையது. இவள்மேல் குற்றமில்லை. இதை ஊர் முழுக்க நானே நடந்து போய்ச் சொல்வேன்."

"ஆகா, என்ன அருமையாகச் சொன்னீர்கள் மன்னா" என்று மூவரும் ஒரே குரலில் இழுத்தார்கள்.

"வாயை மூடிக்கொண்டு என் பின்னால் வாருங்கள்" என்றான் அரசன்.

ஆகவே கேட்டவர்களே, பாசத்தைக் காட்டிக்கொள்ள ஊற்றுகிறவர், எதிரில் இருக்கும் உயிருக்கு என்ன தேவை என்று முதலில் தொட்டுப் பார்க்க வேண்டும்.